டார்வர் வீட்டுக் காவல்

1987 ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை, பெல்மர் ஏரியின் மீன்கள் முழங்கால் உயரத்தில் காற்றில் நீந்தி வந்து வெல்டன் டார்வரின் நாயைத் தின்றுவிட்டுப் போயின. கழுத்துப்பட்டையும் கொஞ்சம் வாலும்தான் மிச்சம். உள்ளங்கை அகலச் சில்லறை மீன்கள்தான், ஆனால் முந்நூறு இருந்தன.

காரணம் ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். வசந்தத்தில் பெண் பாஸ் மீன் முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். ஆண்தான் குஞ்சுகள் நீந்தும்வரை பட்டினி கிடந்து, மணலில் வட்டமாகப் பறித்த கூட்டைக் காக்கும். அந்த மணல்வட்டத்துக்குள் தூண்டிலை இறக்கினால் பசியில் அல்ல, ஆத்திரத்தில் கடிக்கும். பிடிக்கலாம், படம் எடுக்கலாம். உடனே அங்கேயே விட்டுவிட வேண்டும். வெல்டன் முந்தைய சனிக்கிழமை மீன்பிடிப் போட்டிக் கோப்பைக்கு ஆசைப்பட்டு, ஒரு காவல் மீனைப் படகுத் தொட்டியில் போட்டு ஐந்து மைல் தள்ளியிருந்த எடைமேடைக்குக் கொண்டுபோனான். படகைத் திருப்பும்போதே சில்லறை மீன்கள் கூட்டைச் சூறையாடுவதைப் பார்த்தான். சிரிக்கவும் செய்தான், பாவி. அவன் மகள் ஜூனி பிறந்து அன்று ஆறு நாள்.

நாய் போனதும், அடுத்தது பிள்ளைதான் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டை விட்டான், வீட்டைச் சுற்றி வட்டமிடத் தொடங்கினான். வந்த மீன்களை மண்வெட்டிப் பிடியால் அடித்துச் சிதைத்தான். செதில்கள் சுவரில் அப்பின. நான்காம் நாள் அவன் கண் இமைப்பதை நிறுத்தியது. அதன்பின் மீன், மனிதர் என்று பார்க்கவில்லை. தபால்காரரின் தோளெலும்பை உடைத்தான். தொட்டில் கொண்டுவந்த மாமியாரின் கையைக் கடித்தான்.

பத்தாம் நாள் அவன் அண்ணன் கிளீவ் வந்தான்.

"டேய் கிறுக்கா, எலும்பும் தோலுமா நிக்கிற. வந்து ஒரு வாய் சாப்பிடுடா."

வெல்டன் அடித்த அடியில் கிளீவுக்கு மூன்று பல் போயிற்று.

"அவரை விட்டுடுங்க கிளீவ்!" வெல்டனின் மனைவி ஆர்டித் ஜன்னலிலிருந்து கத்தினாள். "அவர் நகர்ந்தா பிள்ளை போயிடும்!"

"உனக்கும் முத்திப்போச்சா?" கிளீவ் ரத்தத்தைத் துப்பினான். தம்பியைக் கயிற்றால் கட்டித் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

சாலை வளைவுவரைகூடப் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தால், வீட்டுக் கம்பிவலைக் கதவைக் காணோம். குறுகலான சாலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர நான்கு நிமிடம் ஆனது. தொட்டில்மேல் கவிழ்ந்து கிடந்த ஆர்டித்தின் முதுகில் தோலே இல்லை. குழந்தையின் இடது காதும் இரண்டு கால்விரல்களும் போயிருந்தன. கிளீவ் அழுதுகொண்டே தம்பியின் கட்டை அவிழ்த்தான். தானும் ஒரு இரும்புக்கம்பியை எடுத்தான். பொழுது சாயும்வரை இருவரும் அடித்துக் கொன்றார்கள்.

ஆர்டித் பிழைத்தாள், மல்லாந்து படுக்கத்தான் அப்புறம் முடியவில்லை. அண்ணனும் தம்பியும் எதிரெதிர்த் திசையில் வட்டமிட்டார்கள். தபால்காரர் சாலையிலிருந்தே கடிதங்களை வீசப் பழகிக்கொண்டார். ஜூலையில் குழந்தை தானாகக் குப்புறக் கவிழ்ந்து, நீந்துவதுபோல் கைகாலை அடித்தது. மறுநாள் மீன்கள் வரவில்லை. இருவரும் உள்ளே வந்து கை கழுவிச் சாப்பிட்டார்கள்.

ஜூனி வளர்ந்து, ஏரியிலிருந்து முந்நூறு மைல் தள்ளி ஒரு வறண்ட ஊரில் வாழ்க்கைப்பட்டாள். அங்கே ஒரு ஏப்ரலில் அவளுக்கு மகன் பிறந்தான். கிழவர்கள் பார்க்கப் போனபோது மருமகன் வீட்டைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டிய கிளீவின் மிச்சப் பற்களில் இரண்டைத் தட்டிவிட்டான்.

"நல்ல மாப்பிள்ளண்ணே," என்றான் வெல்டன். பலகாரப் பொட்டலத்தைச் சாலையோரத்தில் வைத்துவிட்டு அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு திரும்பினான்.