ஆவுடையம்மாளின் இடது பாதி

ரத்த நாளத் துறைக்காரர்கள் ஆவுடையம்மாளின் இடது நெற்றியில் சிவப்பு வண்ணத்தால் குறி போட்டபோது, அவள் தென்காசி பேருந்தை அறிவித்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நெற்றியைக் காட்டிக்கொண்டே பேசி முடித்தாள். சாலையை அகலப்படுத்த வீட்டுச் சுவரில் குறி போடுவார்கள், பிறகு வந்து இடிப்பார்கள். நெற்றியில் போட்டாலும் அப்படித்தான்.

பேருந்து நிலையத்து அறிவிப்பு அறைக்கு இரண்டு கதவுகள். வலது கதவைத் திறந்தால் பேருந்துகள் நிற்கும். இடது கதவைத் திறந்தால் ஆவுடையம்மாளின் தலையின் இடது பாதி. வெயில் நேரத்தில் கண்டக்டர்கள் அதற்குள் போய்ப் பீடி குடித்துவிட்டு வருவார்கள். அவளும் திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள். யார் கேட்கிறார்கள்?

அவள் புருஷன் பட்டமுத்துவுக்கு நிலையத்து வாசலிலேயே பஞ்சர் கடை. கல்யாணமான நாளிலிருந்து அவன் பெண்டாட்டியின் பெயரைச் சொன்னதில்லை. ‘இந்தா’ என்பான். கோபம் வந்தால் ‘ஏட்டி’ என்பான். அவள் போய் நெற்றியைக் காட்டினாள்.

“குறி போட்டுட்டாங்க. இன்னைக்கே இடிப்பாங்களாம்.”

“தலைவலிதான? ஒரு காப்பியக் குடி இந்தா,” என்றான் பட்டமுத்து. டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் அறைக்குத் திரும்பியபோது கண்முன்னால் பளபளவென்று கோணல்மாணலாக ஒரு நாடா ஓடியது. அளவெடுக்கிறவர்கள் கட்டிய நாடா. அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. உள்ளே நுழைந்த பேருந்துக்கு ஒரு பாதிதான் இருந்தது. அந்தப் பாதியை அவள் அறிவித்தாள். பாதிப் பயணிகள் ஏறிக்கொண்டார்கள்.

பிறகு இடது பக்கம் முதல் அடி விழுந்தது. பல் கிட்டித்துப் போயிற்று. மைக்கை அணைத்துவிட்டு இடது கதவைத் திறந்தாள்.

உள்ளே சிவப்புச் சாலை. அவள் நடக்க நடக்க அது நீண்டது. இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொரு வீடும் ஒரு பெயர். நடுச்சாலையில் பொக்லைன் நின்றது. பக்கத்தில் நாளத் துறை ஓவர்சியர் தாணுமூர்த்தி குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன சார் பண்ணுதீங்க?”

“அகலப்படுத்துதோம்மா.”

“உசுரு போவுதே சார்.”

“அகலப்படுத்துனா வலிக்கத்தான் செய்யும். இப்படியே விட்டா ஒருநாள் அடச்சிக்கிடும். வாய் கோணும், கை விழுந்துரும். அதுக்கு இது எவ்வளவோ மேலு.”

அவர் சாலையோரச் சுவரைக் காலால் உதைத்தார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கொழுப்பு ஆக்கிரமிப்பு, பீடிப் புகை படிந்து மஞ்சளாக.

“பாத்தீங்களா? பிரஷர் மாத்திரை போடுதீங்களா?”

“தலைவலி மாத்திரை போடுதேன்.”

“அது சத்தத்த அமத்தும். செவுத்த யாரு பாக்குறது? தலை இத்தன வருசமா அடிச்சி அடிச்சிச் சொல்லியிருக்கு. நீங்க துணியக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டீங்க.”

அவர் கையசைத்தார். பொக்லைன் ஓட்டுகிற ஜெபஸ்டின் வாளியை இறக்கினான். மாடிவீட்டுக்காரியின் பெயர் நொறுங்கி விழுந்தது. அடுத்த அடியில் ஆவுடையம்மாள் சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர் போயிற்று. நாய் மட்டும் பெயரில்லாமல் இடிபாட்டுக்குள்ளிருந்து ஊளையிட்டது. அவள் குனிந்து வாந்தியெடுத்தாள். செங்கல் துண்டுகளாக வந்தது.

அடுத்த வீடு ரோஜா நிறம். வாசலில் சைக்கிள். அது ஹரிணி, அவள் மகளின் பெயர். அதன் சுவரிலும் சிவப்புக் குறி. வாளி உயர்ந்தது.

ஆவுடையம்மாளுக்கு வெறி பிடித்துவிட்டது. கூலியாள் ஒருவன் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கினாள். பொக்லைன்மேல் ஏறி ஜெபஸ்டினின் தோளில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

“தோள்பட்டை போச்சுக்கா,” என்று அவன் தகவல் சொன்னான்.

கடப்பாரையோடு வந்தவனின் முட்டியை உடைத்தாள். ஓவர்சியரின் காதைக் கடித்து, பாதியைத் துப்பினாள். அவர் குடையைச் சாய்க்கவில்லை. எல்லாம் அவள் தலைக்குள் நடந்ததால், யாரை அடித்தாலும் வலி அவளுக்குத்தான் வந்தது. ஆனாலும் அவள் அடித்தாள்.

“ஏம்மா,” என்றார் தாணுமூர்த்தி, காதைப் பொத்திக்கொண்டு. “ஏதாவது ஒண்ண இடிச்சாத்தான் வண்டி திரும்பும். எதிர்ச்சாரியில ஒண்ணக் காட்டுங்க. கோட்ட அங்கிட்டு நகத்திப் போடுதேன்.”

எதிர்ச்சாரியில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் எருக்கு முளைத்திருந்தது. பெயர்ப்பலகை துருவேறிக் கிடந்தாலும் எழுத்து தெரிந்தது.

“அது யாரு?”

“ஆவுடையம்மாள்னு ஒருத்தி.”

“ஆளு இருக்கா?”

அவள் யோசித்தாள். மகளுக்கு அம்மா. கண்டக்டர்களுக்கு அக்கா. புருஷனுக்கு இந்தா.

“யாரும் கூப்பிடுறதில்ல சார்.”

சொல்லிவிட்டுப் பலகையை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்பா ஆசையாக வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்து நின்ற பெயர். எதிரே ரோஜா நிற வீட்டின் சைக்கிள் அப்படியே நின்றது. அவள் அதைப் பார்த்தபடியே நடந்துபோய்ப் பூட்டிய வீட்டின்மேல் முதல் அடியைத் தானே போட்டாள்.

மிச்சத்தை ஜெபஸ்டின் ஒற்றைக் கையால் முடித்தான். கூரை இறங்கியது, சுவர் பிளந்தது, பெயர்ப்பலகை வாளியின் பற்களுக்கிடையில் மடங்கிக் கிழிந்தது. சாலை அகலமானது. அடைபட்டிருந்த ரத்தம் இரைச்சலோடு பாய்ந்து வந்து கூலியாட்களையும் பொக்லைனையும் ஓவர்சியரையும் சுவரில் மோதி இழுத்துக்கொண்டு போயிற்று. குடை கொஞ்ச தூரம் நிமிர்ந்தபடியே மிதந்து போனது.

வலி நின்றுவிட்டது.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். காதிலிருந்து செங்கல் தூள் கொட்டியது. “ஹரிணி,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இருந்தது. முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

இடது கதவின் அடியில் சிவப்பாக வழிகிறது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பட்டமுத்து கிரீஸ் கையோடு ஓடிவந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று.

“ஆவுடையம்மா!” என்று கத்தினான். “ஆவுடையம்மா! ஏ ஆவுடையம்மா!”

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. பஞ்சர் கடைக்காரரை அவளுக்குத் தெரியும், ஹரிணியின் அப்பா. இவ்வளவு பதறி அவள் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது.

“பதறாதீங்க. கண்டுபிடிச்சிரலாம். என்ன கலர் சேலை கட்டியிருந்தாங்க?”

அவன் அவளையே பார்த்தான்.

“மாம்பழக் கலரு,” என்றான்.

அவள் தன் மாம்பழ நிற முந்தானையை ஒதுக்கிவிட்டு மைக்கைப் போட்டாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மாம்பழ நிறச் சேலை அணிந்த ஆவுடையம்மாள் என்பவர் எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும். இங்கே ஒருவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.”

இருவரும் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. வழக்கப்படி அவள் இரண்டாவது முறையும் சொன்னாள்.