செவ்வாய்க்கிழமை வரைக்கும்

இடது காலில் ஷூ ஏறவில்லை. ஜாய்சன் குதிகாலைப் பிடித்து அழுத்திப் பார்த்தான், லேஸை முழுக்க உருவிவிட்டும் பார்த்தான். பாதம் உள்பக்கமாக வளைந்தபடியே இருந்தது.

"மெதுவாடா, டாடிக்கு வலிக்கும்" என்றாள் ஐரின். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுத்து ஷூவின் பின்பக்கத்தை வெட்டினான்.

அவர்கள் டாடி ஓஸ்வால்ட் முப்பத்தொரு வருஷம் ஒரு பழைய கிளப்பில் சாப்பாடு பரிமாறும் பேரராக இருந்தவர். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். ஃபாதரானாலும் ஒன்றுதான், கரன்ட் பில் கொடுக்க வருகிறவரானாலும் ஒன்றுதான். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் விழவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், நாற்காலியில் தவிப்பார். ஐரின் அடுப்பை விட்டு ஓடி வந்து இடது முழங்கைக்கு அடியில் கை கொடுப்பாள். ஒரே தம்மில் எழுந்துவிடுவார். விவேக் நகரே மெச்சிய மரியாதை அது. கடைசியில் அதுவே வினையாகிப் போனது.

ஊனச் சான்றிதழுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாற்பது சதவீதம் போட்டால்தான் பென்ஷன். அவரைப் பார்த்துக்கொள்வதற்காகவே கார்மென்ட்ஸ் வேலையை விட்டவள் ஐரின். டாக்டர் அறைக்குள் வந்ததும் இந்த மனிதர் என்ன செய்தார்? தடியை மகளிடம் நீட்டிவிட்டு, யார் கையும் இல்லாமல் எழுந்து, "குட் மார்னிங், சார்" என்றார். டாக்டருக்கு நாற்காலியை வேறு இழுத்துப் போட்டார்.

"சென்னாகிதாரல்லா!" என்றார் டாக்டர் கன்னடத்தில். நன்றாகத்தானே இருக்கிறார் என்று முப்பத்தைந்து போட்டுவிட்டார்.

ஐரினுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை வாய்க்கு வந்தபடி பேசினாள். மறுபரிசோதனைக்கு எழுதிப் போட்டாள், ஐந்து வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அன்றைக்கே கதவு நிலையிலிருந்த கயிற்றைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். அவர் காலையில் பிடித்து எழுந்து நடந்து பழகுவதற்காக, வெளியூரில் வேலை பார்க்கும் ஜாய்சன் போன லீவில் வந்தபோது மாட்டிய கயிறு அது.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் எக்ஸர்சைஸ் வேணாம் டாடி. நடக்கவும் வேணாம். யார் வந்தாலும் எந்திரிக்காதீங்க. பழக்கதோஷத்துல அங்க போயும் நின்னீங்கன்னா இதுவும் போச்சு."

"ஃபாதர் வந்தாக்கூடவா?"

"போப்பே வந்தாலும்தான்."

அவர் சிரித்தார். மகள் சொன்னபடியே உட்கார்ந்தும் கிடந்தார். ஆள் வந்தால் வலது கை நாற்காலியின் பிடியை இறுக்கும். ஐரின் தோளில் கை வைத்து அழுத்துவாள். அடங்கிவிடுவார். அந்தச் செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள் இருந்தது. இன்று காலை காபியை வாங்கினவர், மூச்சு முட்டுகிறதென்றார். பாதிக் காபி அப்படியே மிச்சம்.

பக்கத்துத் தெரு டாக்டர், காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறியிருக்கலாம் என்றார். "தினம் நடக்க வெச்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

"வெச்சேன் டாக்டர்." வாய் கூசாமல் சொன்னாள்.

எதிர்வீட்டு பெர்னதெத் ஆன்ட்டி அவள் தலையைத் தடவினார். "பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டியேம்மா. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

"அப்படிச் சொல்லாதீங்க ஆன்ட்டி. உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும்."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஆன்ட்டி மெழுகுவர்த்தி எடுக்கப் போனார். ஜாய்சன் அப்போதுதான் கதவு நிலையை நிமிர்ந்து பார்த்தான். வெறும் கொக்கி இருந்தது.

"கயிறு எங்கக்கா?"

"நான்தான்டா கழட்டினேன். நடக்கவே கூடாதுன்னு சொன்னேன். உக்காரவெச்சே கொன்னுட்டேன்டா."

ஜாய்சன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஐரினுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்குப் பெட்டியை ஹாலில் வைத்தார்கள். கிளப்பு ஆட்கள், பங்குக் கோயில் ஆட்கள், கார்மென்ட்ஸ் சிநேகிதிகள் என்று வந்தவண்ணம் இருந்தார்கள். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் ஐரின் டாடியின் வலது கையைப் பார்த்தாள். ஜெபமாலை சுற்றிய விரல்கள் சும்மா கிடந்தன.

"ஃபாதர் வந்துட்டாரு" என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

நாற்காலிகள் தரையில் உரச எல்லோரும் எழுந்தார்கள். பெட்டியின் இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஐரினும் எழுந்தாள். எழுந்த வேகத்தில் குனிந்து, டாடியின் முழங்கைக்கு அடியில் கை கொடுத்தாள். ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டு ஜெபத்தை ஆரம்பித்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.