சிமெண்டுத் தரையில் ஒரு கை வின்ச்

கிடங்குக் காப்பாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. சுகாதார அலுவலகத்தின் கிடங்குக்குள் எந்தப் பொருள் வந்தாலும், அது படுக்கை விரிப்பானாலும் பினாயில் டப்பாவானாலும், முதலில் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்வார். பிறகு பொருளின்மேல் அச்சிட்டிருப்பதை வாய்விட்டுப் படிப்பார். படித்து முடித்ததும், கொண்டுவந்தவரை ஏற இறங்கப் பார்த்து, "ம்க்கும்" என்பார். உலகத்தின்மீது அவருக்கிருந்த மொத்த மதிப்பும் அந்த ஒற்றை ஒலிக்குள் அடங்கிவிடும். கடைசியாக, அலுவலக எண் அச்சிட்ட மஞ்சள் லேபிள் ஒன்றை எடுத்துப் பொருளின் நெற்றியில் ஒட்டி, கட்டைவிரலால் நான்கு மூலையையும் நீவிவிடுவார். லேபிள் ஒட்டப்படாத பொருள் அவரைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவே இல்லை.

அலுவலகத்தில் அவருக்கு 'லேபிள்' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். ஒரு பெயர் வைக்கும் அளவுக்காவது இந்தக் கூட்டத்துக்கு மூளை இருக்கிறதே என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

பொருள்கள் தம்மளவில் குற்றமற்றவை, மனிதக் கை பட்டுத்தான் கெடுகின்றன என்பது அவருடைய சித்தாந்தம். எனவே பொருள்களைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரையும் அவர் இகழ்ந்தார். அவர்களுள் ஓட்டுநர்களைக் கூடுதலாக இகழ்ந்தார். ஓட்டுநர்களுள் ஒருவரைத் தனிச் சிறப்போடு இகழ்ந்தார். அவர் காப்பாளருடைய மனைவியின் தம்பி.

அந்த மைத்துனர்தான் வாரம் ஒருமுறை டாக்டரம்மாவைப் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக் குடியிருப்புகளுக்குப் போய்வருவார். மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும், ஜீப் புதைந்துவிடும். புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் மின்சார வின்ச்சை அந்த ஜீப்பின் பேட்டரி தாங்காது. எனவே கையால் இயக்கும் வின்ச் ஒன்று வாங்க அலுவலகம் அனுமதித்தது. கடைக்காரர் இரண்டு மாதிரிகளை அனுப்பினார். எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் காப்பாளருடையது.

மேசைமேல் இரண்டும் இருந்தன. ஒன்று, பல்சக்கரத்தில் கம்பியைச் சுற்றி இழுக்கும் சிறிய வின்ச். குரோம் பூச்சு முகம் பார்க்கலாம்போல் மின்னியது. மற்றது, எஃகுக் கயிற்றை உள்ளே விட்டுக் கவ்விக் கவ்வி இழுக்கும் பெரிய பெட்டி. சாம்பல் நிறம். மூலைமுடுக்கெல்லாம் கிரீஸ். பக்கத்தில் மலைப்பாம்புபோல் சுருண்டு கிடந்தது அதன் கயிறு.

"இந்தப் பெரிசுதான் வேணும் மாமா" என்றார் மைத்துனர்.

"ஏன், ஜீப்பை இழுக்கப் போறியா, கப்பலை இழுக்கப் போறியா? இதைச் சுமக்கவே தனியா ஒரு ஜீப் வேணும்டா."

"கயிறு இருபது மீட்டர் இருக்கு மாமா. நான் சிக்குற இடத்துல மரம் என்ன பம்பர் பக்கத்துலயா வந்து நிக்கும்? சின்னதுல கம்பி மூணு மீட்டர்தான்."

"எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியுமா உனக்கு? சின்னதுல என்ன போட்டிருக்கு? நாலு டன். உன் பெரிசுல? ஒண்ணு புள்ளி ஆறு. நாலு பெரிசா, ஒண்ணரை பெரிசா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும்."

"பெரிசுல போட்டிருக்கிறது செங்குத்தா தூக்குற கணக்கு மாமா. கப்பி ஒண்ணு சேத்தா இழுவை ரெண்டு மடங்காயிடும்."

காப்பாளர் பெரிய வின்ச்சின் கைப்பிடியை ஆட்டினார். உள்ளே ஏதோ கலகலத்தது. மூடியைத் திறந்து கவிழ்த்தார். விரல்நுனி அளவில் ஆறு உலோகப் பின்கள் உள்ளங்கையில் விழுந்தன.

"இது என்ன, பொரிகடலையா?"

"ஸ்பேர் பின் மாமா. பாரம் அதிகமானா பின் உடையும். அதனால கயிறு அறுந்து நம்ம தலையைச் சீவாது. பின்னை மாத்திட்டு வேலையைப் பாக்கலாம்."

காப்பாளர் சிரித்த சிரிப்பில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "உடைவேன் உடைவேன்னு முன்கூட்டியே சொல்லி, உடையுறதுக்குச் சாமானையும் கூடவே எடுத்துட்டு வருது! தன்மேலயே நம்பிக்கை இல்லாத பொருள். உனக்கு ஏன் பிடிச்சுதுன்னு இப்பப் புரியுது. ம்க்கும்."

முதலை ஒன்று பல்லியைப் பார்த்து இப்படித்தான் சிரித்ததாம். "தொட்டால் கழன்றுபோகும் வாலை எல்லாம் ஒரு வால் என்று சுமக்கிறாயே, என் வாலைப் பார், உயிர் போனாலும் கழலாது" என்றதாம். ஒருநாள் இரண்டின் வாலும் ஒரே கண்ணியில் மாட்டின. பல்லி வாலை விட்டுவிட்டுச் சுவரேறியது. முதலையின் வால் கழலவில்லை. அது சொன்னது சொன்னபடியே நடந்தது.

நியாயமாக நடந்துகொள்வதில் காப்பாளருக்குப் பெருமை உண்டு. ஆகவே சோதனை ஒன்றும் நடத்தினார். சிறிய வின்ச்சைக் கிடங்கின் தூணில் மாட்டி, கம்பியை ஜீப்பின் முன்கொக்கியில் கோத்து, கியரை நியூட்ரலில் போடச் சொன்னார். வழவழப்பான சிமெண்டுத் தரை. இரண்டு விரலால் கைப்பிடியை அசைத்தார். கிளிக், கிளிக் என்று ஜீப் ஆட்டுக்குட்டிபோல் நகர்ந்து வந்தது.

"ரெண்டு விரல்! பாத்தியா?"

"இங்க என்ன மாமா சேறா இருக்கு? இதைத் தள்ளினா அக்காவே நகத்திடுவாளே."

"வாதம் பண்ணாதே. வண்டி ஓட்டுறவன் வண்டியை ஓட்டு."

சிறிய வின்ச் பதிவேட்டில் ஏறியது. மஞ்சள் லேபிள் ஒன்று அதன் பளபளப்பான வயிற்றில், 'நாலு டன்' என்ற எழுத்துக்கு நேர் கீழே, நான்கு மூலையும் நீவி ஒட்டப்பட்டது.

மூன்றாம் வாரம் மழை. குடியிருப்புக்கு முன்பிருந்த இறக்கத்தில் ஜீப் ஆக்ஸில்வரை புதைந்தது. கைக்கெட்டிய தூரத்தில் மரம் இல்லை. மைத்துனர் சங்கிலியையும் பட்டையையும் முடிந்து நீட்டி, தூரத்து மரத்தோடு வின்ச்சைப் பிணைத்தார். மூன்று மீட்டர் கம்பியில் பாதி, முடிச்சுகளை இறுக்குவதிலேயே தீர்ந்தது. மீதியை இழுத்தபோது ஜீப் அசையவில்லை. வின்ச் அசைந்தது. பல்சக்கரத்தில் ஒரு பல் வழுக்கியது, கைப்பிடி திருப்பி அடித்தது. மைத்துனரின் வலது மணிக்கட்டு முறிந்தது. டாக்டரம்மா மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எஞ்சிய தூரத்தைச் சேற்றில் நடந்தார்.

உடைந்த பொருள் திரும்பி வந்தால் காரணம் எழுத வேண்டியவர் காப்பாளர். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'ஓட்டுநரின் தவறான கையாளல்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். முப்பது ஆண்டுகளாக எழுதி வந்த வாசகம், பேனாவுக்கே மனப்பாடம். அதைப் படித்த அதிகாரி, அந்த ஓட்டுநரை இனி எந்த வண்டியிலும் ஏற்றக் கூடாது என்று உத்தரவிட்டார். மாவுக்கட்டுக் கையோடு மைத்துனர் வாயிற்கதவருகே ஒரு முக்காலியில் உட்கார்த்தப்பட்டார். கட்டுப் பிரித்த பிறகும் முக்காலிதான் என்பது உத்தரவு. பதினெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர், இனி வருகிறவர்களின் பெயரைக் கேட்டு இடக்கையால் கிறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

உத்தரவு வந்த அன்று மாலை வீட்டில் மனைவி தட்டைச் சற்று ஓசையோடு வைத்தார்.

"என் தம்பிக்குக் கையாளத் தெரியலன்னு எழுதினீங்களாமே? சைக்கிள்ல டபுள்ஸ் ஏத்தத் தெரியாம என்னைக் குப்பைமேட்டுல தள்ளிவிட்டீங்களே, அதை நான் எந்தப் பேப்பர்ல எழுதினேன்?"

"ஆபீஸ் விஷயத்துல நீ தலையிடாதே."

"தலையிடல. அவன் கை விஷயத்துலதான் தலையிடுறேன்."

மறுநாள் காப்பாளர் உடைந்த வின்ச்சைக் கழிவில் சேர்க்க உட்கார்ந்தார். கழிவாகும் பொருளின் லேபிளை உரித்துக் கழிவுக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும் என்பது விதி. அவரே வகுத்த விதி. ஈரத்துணியால் ஊறவைத்து, மூலையைக் கிள்ளி, மஞ்சள் லேபிளை உரித்தார். அதனடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. பழக்கதோஷம், வாய்விட்டுப் படித்தார்:

"மேற்கண்ட அளவு சமதரையில் உருளும் பாரத்துக்கு மட்டும். சிக்கிய வாகனத்தை இழுக்க ஒரு டன்னுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது."

வந்த அன்றும் படித்திருக்கிறார். 'நாலு டன்' வரைக்கும் படித்திருக்கிறார். மீதியைப் படிக்காமலே அதன்மேல் லேபிளை ஒட்டியிருக்கிறார், நான்கு மூலையையும் நீவி.

"ம்க்கும்" என்றது அவர் தொண்டை. ஏற இறங்கப் பார்க்க எதிரே யாரும் இல்லை. பளபளத்த குரோமில் கண்ணாடி போட்ட ஒரு முகம் மட்டும் இருந்தது.

பசை டப்பா கையருகிலேயே இருந்தது. லேபிளை இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டிவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதை விரல்நுனியில் ஏந்தியபடி அவர் நிமிர்ந்தார். ஜன்னல் வழியே வாயிற்கதவு தெரிந்தது. முக்காலியில் இருந்தவர் யாரோ ஒருவரின் பெயரை எழுதி, கோணலாகப் போனதால் அடித்துவிட்டு, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்.

காப்பாளர் புதிய தாள் ஒன்றை எடுத்தார். 'உடைந்ததற்குக் காரணம்: தேர்வில் பிழை. எச்சரிக்கை வரியை லேபிளால் மறைத்தவரும், ஓட்டுநர் சொன்னதைக் கேளாமல் தேர்ந்தெடுத்தவரும் கிடங்குக் காப்பாளரே' என்று எழுதி, அதிகாரியிடம் தாமே எடுத்துப்போனார்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "இது உங்க சர்வீஸ் புத்தகத்துல ஏறும்யா. யோசிச்சீங்களா?"

"ஏறட்டும் சார். அவன் வண்டியில ஏறணும்."

"ம். இத்தனை வருஷமா நீங்க எழுதினதுல இது ஒண்ணுதான் படிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லி, அதிகாரி பழைய உத்தரவின் குறுக்கே கோடு போட்டார்.

அடுத்த வாரம் சாம்பல் நிறப் பெட்டி மறுபடி வந்தது. இம்முறை சோதனை சிமெண்டுத் தரையில் நடக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வழிந்து வழிந்து சேறாகிக் கிடந்த பின்புறப் பள்ளத்தில் ஜீப்பை இறக்கச் சொன்னார் காப்பாளர். பக்கத்து வாகனப் பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். 'லேபிள்' தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு சேற்றில் நிற்பது தினம் கிடைக்கிற காட்சியா?

"லேபிள் சார், ஒரு விரலா, ரெண்டு விரலா?" என்று ஒருவர் கூவினார். சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பு தமக்கு வரவேண்டிய பாக்கி என்பதுபோல் காப்பாளர் நின்று கேட்டுக்கொண்டார்.

பிறகு இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்தார், தள்ளினார். கயிறு விறைத்தது. டக் என்று ஏதோ முறிந்தது. கைப்பிடி வெறுமனே ஆடியது. காப்பாளர் முகம் வெளிறிப் பின்வாங்கினார். ஜீப் மட்டும் இருந்த இடத்திலேயே கவ்விப் பிடிக்கப்பட்டு நின்றது, ஓர் அங்குலமும் நழுவவில்லை.

"பயப்படாதீங்க மாமா, பின்னுதான்" என்றார் கரையில் நின்ற மைத்துனர். "பிடியைத் திறந்து பாருங்க. உள்ள பொரிகடலை இருக்கும்."

காப்பாளர் மூடியைத் திறந்தார். சேற்று விரல்களால் ஒரு பின்னை எடுத்து, மைத்துனர் சொல்லச் சொல்லப் பொருத்தினார். கயிற்றைக் கப்பி வழியே திருப்பிப் போட்டு மறுபடி இழுத்தார். சேறு ஒரு முறை உறிஞ்சியது, பிறகு விட்டுக்கொடுத்தது. ஜீப் மெல்லக் கரையேறியது.

அவர் மைத்துனர் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. மாவுக்கட்டைப் பார்த்தார், மதில்மேல் இருந்தவர்களைப் பார்த்தார், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நீ சொன்னது சரி. நான் எழுதினது பொய். உன் கை உடைஞ்சதுக்கு நான்தான் காரணம்."

மைத்துனர் ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தார்.

காப்பாளர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் லேபிள் ஒன்றை எடுத்து, ஓரம் நனையாமல் அவரிடம் நீட்டினார்.

"எங்க ஒட்டணும்னு நீயே பாத்து ஒட்டு."

மைத்துனர் பெட்டியை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். எழுத்தே இல்லாத அடிப்பக்க ஓரமாக ஓர் இடத்தைத் தேர்ந்து, இடக்கையால் லேபிளைக் கோணலாக ஒட்டினார்.

காப்பாளரின் கட்டைவிரல் அதை நிமிர்த்தத் துடித்தது. அவர் விரலை மடக்கிக்கொண்டார்.