கிளாராவின் காது

கிளாரா இடது காதைச் சொறிந்தால் கடலில் காற்று எழும். லேசாகச் சொறிந்தால் ஹேவ்லாக் தீவுக்குப் போகிற கப்பல் கொஞ்சம் ஆடும். நகம் பதியச் சொறிந்தால் போர்ட் பிளேரிலிருந்து அன்றைக்கு எதுவும் கிளம்பாது. அவள் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இது தெரியவந்தது 2020-ஆம் ஆண்டு மழைக்காலத்தில். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. காதுமடலுக்குப் பின்னால் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு வந்தது. சிவப்பு காய்ந்து தவிடு மாதிரி உதிர்ந்தது, பிறகு மடல் தலையோடு சேருகிற மடிப்பில் வெடிப்பு விட்டது. வெடிப்பிலிருந்து கசிந்த நீர் காய்ந்து தலையணை உறையோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் தலையைத் தூக்குகிற அந்த ஒரு இழுப்புக்கே, கொடியில் கிடந்த துணியெல்லாம் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விடும்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தீவில் வானிலை அறிக்கையைவிட நம்பகமாக ஒன்று கிடைத்தது என்றுதான் நினைத்தார்கள். கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் முருகானந்தம் தினமும் டியூட்டிக்குப் போகும் வழியில் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "அக்கா, இன்னிக்குக் கை எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார். காதைப் பற்றி அவர் கேட்டதில்லை. மீன் மார்க்கெட்டில் அவள் உட்கார்ந்து மீன் வெட்டும்போது எதிரே காய்கறி விற்கிற பெங்காலிக்காரி, "ஹாத் நீச்சே, கிளாரா!" என்று கத்துவாள். கிளாரா கையைக் கீழே இறக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் உட்காருவாள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பார்த்தாள். புண் எதுவானாலும் உப்புத்தண்ணீரில் ஆறும் என்று மீன்பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொன்னதால் கடல்நீரில் கழுவினாள். இரண்டுக்கும் பிறகு வெடிப்பு நீளமானது. யாரும் பார்க்காதபோது கொண்டை ஊசியைக் காதுக்குள் விட்டுக் குடைவாள். ஊசியால் எழும் காற்று ஒல்லியாக, நீளமாக வரும். மொத்தக் கடலையும் விட்டுவிட்டு ஒரே ஒரு படகை மட்டும் ஆட்டும். அது யாருடைய படகோ என்ற கவலையில் அவளால் அந்தச் சுகத்தைக்கூட முழுதாக அனுபவிக்க முடிந்ததில்லை. இப்படி நான்கு வருஷம் போனது.

2024 நவம்பரில் அவள் கணவன் வின்சென்ட் மூன்று ஆட்களோடு வடக்கே திக்லிபூர்ப் பக்கம் ஐந்து நாள் மீன்பிடிக்கக் கிளம்பினான். ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டே, "அஞ்சு நாளுதான் கிளாரா. கைய மட்டும் கட்டிப் போட்டுக்க" என்றான்.

"இது என் கையா, ஹார்பர் கையா?" என்று அவள் கேட்டாள். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் கசிவு கழுத்துவரை வழிந்தது. அவளுடைய அப்பா வியாகுலம் படகுத் தச்சர். நாற்பது வருஷமாகப் படகு பழுதுபார்க்கிறவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காதைத் திருப்பிப் பார்த்தார். "பொருத்து விட்டிருக்கு. தண்ணி கசியுது" என்றார். வேறு எதைச் சொல்ல அவருக்குத் தெரியும்? படகின் பலகை இடுக்கில் செய்வதையே மகளுக்கும் செய்தார். பஞ்சைத் திரித்து வெடிப்பில் வைத்து அழுத்தினார், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஆறவைத்து மேலே பூசினார்.

"எரியுதுப்பா."

"எந்தப் படகாவது கத்தியிருக்கா? பொறு தாயி."

மூன்றாம் நாள் குங்கிலியம் கல்லாக இறுகிவிட்டது. அதற்கு அடியில் காது வீங்கிச் சூடாக இருந்தது, அரிப்பை விரலால் தொட வழி இல்லை. கடலில் காற்று துளிகூட இல்லை. ஆனால் நீர் மட்டும் மேடு மேடாக எழும்பி, உடையாமல் நின்றது. வின்சென்ட்டின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. டெய்ரி ஃபார்மில் எல்லோருக்கும் கணக்குப் புரிந்தது. பூச்சைப் பிய்த்தால் நான்கு ஆண்கள் திரும்ப மாட்டார்கள். பிய்க்காவிட்டால் காது அழுகும். எல்லோரும் கிளாராவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் காலை முருகானந்தம் லீவு போட்டுவிட்டு ஆட்டோ கொண்டுவந்தார். அவரும் வியாகுலமும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, திருடியைக் கொண்டுபோவது மாதிரி மரைன் ஹில்லில் தோல் டாக்டர் ஷோபனாவின் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள்.

"யார் இதைச் செஞ்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான். கசிவு நிக்கலயே."

"ஐயா, படகுக்கு அரிக்காது."

டாக்டர் மெயின்லேண்டிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இடுக்கியால் பூச்சின் ஓரத்தை நகக்கண் அளவு தூக்கினார். ஜன்னல் கதவு சுவரில் அறைந்தது, வெளியே ஒரு தென்னை தரைவரை வளைந்து நிமிர்ந்தது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், கிளாராவைப் பார்த்தார், இடுக்கியைக் கீழே வைத்தார். "சரி, இழுக்க வேண்டாம். ஊறட்டும்" என்றார்.

தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியை அரைமணிக்கு ஒருமுறை மாற்றினார்கள். எண்ணெய் உள்ளே இறங்காதபடி காதுத் துளையைப் பஞ்சால் அடைத்திருந்தார்கள். காலை பத்திலிருந்து மாலை நான்குவரை கிளாரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பூச்சு இளக இளக, கடலின் மேடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தன. நான்கு மணிக்குக் குங்கிலியம் காதின் அச்சாகத் தானே கழன்று டாக்டரின் கையில் விழுந்தது. வெளியே ஒரு இலையும் ஆடவில்லை.

இது எக்ஸிமா, தொற்றாது, அடியோடு போய்விடும் என்றும் சொல்ல முடியாது, வந்து வந்து போகும் என்றார் டாக்டர். சீழ் பிடித்திருந்ததால் அதற்கு மாத்திரை கொடுத்தார். களிம்பை மெல்லிசாக, காலையும் மாலையும், பத்து நாளைக்கு மேல் போடக்கூடாது. ஊசி, பூண்டு, கடல்நீர் எதுவும் கூடாது. கவரிங் தோட்டைக் கழற்ற வேண்டும், அதிலிருக்கிற நிக்கல் ஆகாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சால் காதை அடைத்து, குளித்தபின் ஒற்றித் துடைக்க வேண்டும். மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ வலியோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே வரவேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, "எப்படித்தான் தாங்கினீங்க?" என்றார். கிளாரா பதில் சொல்வதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள் மதியம் வின்சென்ட் வந்தான். தண்ணீர் படகைத் தூக்கிக் கையில் வைத்திருப்பது போல வைத்திருந்து இறக்கிவிட்டது என்று வாசலிலேயே சொல்ல ஆரம்பித்தவன், தோடு இல்லாத அந்தக் காதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"வலிச்சுதா?"

"வலி பரவாயில்லங்க. அரிப்புதான். நாலு வருஷமா தூங்கல."

அவன் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து களிம்பை எடுத்தான். "தோடா தோடா, கொஞ்சமா. இது படகுக்குப் பெயிண்ட் இல்ல" என்றாள்.

இரண்டு வாரத்தில் காது ஆறியது. ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் ஈரம் ஏறியதும் ஐந்தாறு நாள் சிவந்து அரிக்கத்தான் செய்கிறது, அப்போது கடலும் கொந்தளிக்கத்தான் செய்கிறது. அவளுடைய கையை இப்போது யாரும் பார்ப்பதில்லை. அந்த நாட்களில் கிளாரா மீன் வெட்டுவதில்லை, பாத்திரம் தேய்ப்பதில்லை. களிம்பு தடவிக்கொண்டு மின்விசிறிக்கு நேராக வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். படகுகளைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு ஆண்கள் வலை பின்னுவார்கள். கவுண்டரில் டிக்கெட் கேட்கிற சுற்றுலாக்காரர்களிடம் முருகானந்தம், "கிளாரா அக்காவுக்குக் காது. வியாழக்கிழமை வாங்க" என்கிறார். அவர்களும் யார் கிளாரா என்று கேட்காமல் வியாழக்கிழமை வருகிறார்கள்.