வத்தலைப் பார்த்துக்க

பூங்கோதைக்குப் பத்தொன்பது வயது. ஒரு வேலையைச் சொன்னால் பாதியில் மறந்துவிடுவாள். இன்று தெரிந்த கூட்டல் நாளைக்குத் தெரியாது. எல்லாம் திமிர் என்றே அவள் அப்பா பால்சாமி இத்தனை வருஷமும் திட்டித் தீர்த்தார். வாய் வலிக்காத மனிதர்.

போன வாரம்தான் மதுரை டாக்டர் விளங்கும்படி சொன்னார். தாய் மாசமாக இருந்தபோது தினமும் குடித்த கள், வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதித்திருக்கிறது. இது ஆயுசுக்கும் இருக்கும். அடித்துத் திருத்த முடியாது. ஒவ்வொன்றாகச் சொல்லி, கூடவே செய்து காட்டினால் செய்வாள்.

அதைக் கேட்டதிலிருந்து தாய் இராமலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. உடம்புச் சூட்டுக்குக் குளுமை என்று அன்றைக்குக் கள் வாங்கிவந்து மனைவிக்குக் கொடுத்தவர் பால்சாமிதான். அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மகளைத் திட்டத் தெரிந்த வாய் இதற்கு எங்கே போனதோ.

இன்று களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. முதுகுளத்தூருக்குக் கிளம்பும்போது பால்சாமி மகளைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, வத்தலைப் பார்த்துக்க. வெரசா வந்துர்றேன்."

திரும்பும் வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. விழுந்தடித்து ஓடிவந்தார். ஒரு வருஷப் பாடு நனைந்து கிடந்தது. தார்ப்பாய் மடித்தது மடித்தபடி ஓரத்தில் இருந்தது. களத்து நடுவே பூங்கோதை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி செஞ்சுக்கிட்டிருக்க?" என்று கையை ஓங்கிவிட்டார்.

"பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்யா. கண்ணை எடுக்கவே இல்ல."

அவளுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. ஓங்கிய கை தானாக இறங்கியது. பார்க்கச் சொன்னார், பார்த்தாள். மூடச் சொல்லவில்லையே.

அதற்குள் வயலிலிருந்து இராமலட்சுமி ஓடிவந்தாள். "பிள்ளையை அடிக்காதீக. நான் குடிச்சதுக்கு அவ என்ன செய்வா?"

"நீயா தேடிப் போய்க் குடிச்ச? நான்தானே கொண்டாந்து கொடுத்தேன்" என்றார். சொன்ன பிறகு இராமலட்சுமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் முந்தானையை எடுத்து மகளின் தலையைத் துவட்டினாள்.

பால்சாமி தார்ப்பாயை விரித்து, ஒரு முனையைப் பூங்கோதையின் கையில் கொடுத்தார்.

"இங்கன பிடி ஆத்தா."

பிடித்தாள்.

"இப்ப என்கூட இழு."

இழுத்தாள். மிச்சமிருந்த வத்தலைத் தார்ப்பாய் மூடியது.

"மழை வந்தா இப்படி மூடணும்."

பூங்கோதை பயத்தோடு அவரைப் பார்த்தாள். "நாளைக்கு மறந்துருவேன்யா."

"மறந்தா என்ன. நாளைக்கும் சொல்றேன்."