எண் பதிவேட்டுக்கு யார் பொறுப்பு?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திருடினேன். "இதையெல்லாம் எழுதி வெக்காதடி" என்றாள் அக்கா. எனக்கு அதற்குள் பாதிக் கதை ஓடிவிட்டது.

2

'மனித குலத்தின் தொடர்பு வரலாற்றில்...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இப்படிச் சொல்கிறேன். நீங்கள் ஒரு தொலைபேசி எண்ணை அழுத்துகிறீர்கள். அழைப்பு இணையம் வழியாகப் போக வேண்டுமென்றால், இந்த எண்ணுக்கு இன்ன இணைய முகவரி என்று ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அதை யார் வைத்திருப்பது? எண்களை வழங்கும் அலுவலகமா, இணையப் பெயர்களைப் பதியும் அலுவலகமா? முன்னதில் அக்கா அதிகாரி. பின்னதில் அத்தான்.*

*அந்தப் பதிவேட்டில் எண்ணைத் தலைகீழாக, இலக்கத்துக்கு இலக்கம் புள்ளி வைத்து எழுதுவார்கள். முதல் சந்திப்பில் அத்தான் தன் எண்ணையும் தொழில் பழக்கத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தாராம். அக்கா ஒன்றும் கேட்காமல் திருப்பிப் போட்டு அழைத்தாள். பாம்பின் கால் பாம்பறியும்.

3

கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள், அந்தப் பதிவேட்டுக்காகக் கூட்ட அறையில் "சார்", "மேடம்" என்று மல்லுக்கட்டினார்கள். (அத்தானை இங்கே முரடராக எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். கொசுவைக்கூடக் கதவைத் திறந்து வழியனுப்புகிற மனிதர்.)

பிறகு அமைச்சகம் ஒரு குண்டைப் போட்டது. பதிவேடு எந்த அலுவலகத்துக்குக் கிடைக்கிறதோ, அதன் அதிகாரி மூன்று ஆண்டுகள் வேறு ஊரில் இருந்து அதை நடத்த வேண்டும். இருவருக்கும் அந்த வேலைமேல் கொள்ளை ஆசை. பிரிந்திருக்க இருவருக்குமே மனமில்லை.

அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்தாள். "பதிவேட்ட சாரோட அலுவலகமே வெச்சுக்கட்டும்."

அதே நேரத்தில் அத்தானும் எழுந்திருந்தார். "இல்ல, மேடம்தான் அதுக்குச் சரி."

"என்னங்க இது? உங்களுக்காகத்தானே நான் விட்டுக்கொடுத்தேன்!"

"நான் மட்டும் யாருக்காக விட்டுக்கொடுத்தேனாம்?"

கூட்டத் தலைவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். அன்று மாலையே மூவரும் உட்கார்ந்து ஒரு யோசனை எழுதினார்கள். எண் யாருடையது என்று அக்காவின் அலுவலகம் உறுதி செய்யும். எண்ணுக்குரியவர் சம்மதித்த பிறகே அத்தானின் அலுவலகம் முகவரியைப் பதியும். இரண்டு அலுவலகம், ஒரே அறை, இதே ஊர். அமைச்சகம் ஒப்புக்கொள்ளுமா? தெரியாது.

4

இந்தக் கதைக்கு எழுதிய ஒரு முடிவில் அக்காவைத் தனியாகப் பேருந்தில் ஏற்றினேன். கை வரவில்லை, கிழித்தேன். இன்னொன்றில் அத்தானை அனுப்பினேன். அவர் பெட்டி கட்டிய லட்சணத்தைப் பார்த்து அதையும்...

நேற்றுதான் அமைச்சகத்தின் பதில் வந்தது. ஒரு காலில் மட்டும் செருப்போடு, வாசலிலேயே நின்று அக்கா உறையைப் பிரித்தாள். அத்தான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். படித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"என்னக்கா போட்டிருக்கு?"

"நீதான் பெரிய எழுத்தாளராச்சே, கண்டுபிடி."

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க!"

"மேடம் அனுமதிச்சாத்தான்."

எனக்கு இன்னும் தெரியாது. ஆகவே கடிதத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யார் போனாலும் சரி, யாரும் போகாவிட்டாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: படித்து முடித்ததும் இருவரும் அப்படிச் சிரிக்க வேண்டும்.