எஞ்சினை அணைத்த இறக்கம்

எட்டாயிரம் தினார். ஜான்பெக்கின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு கடலோர நகரமான அகபாவின் ஹோட்டல்காரர் சொன்ன விலை, வரவேற்பறையில் நிறுத்திவைக்கவாம். தரகன் நான். கல்லூரி நாட்களில் நாங்கள் இருவரும் அதில் ஊர் ஊராய்ச் சுற்றியவர்கள். பிறகு இருபது வருஷம் ஜான்பெக் அதைக் கழற்றுவான், துடைப்பான், மாட்டுவான், தெருமுனை தாண்டமாட்டான்.

“லாரிக்கு நூறு தினார் தண்டம். ஓட்டிட்டே போயிடலாம்டா,” என்றேன்.

“போய்ச் சேருமாடா?”

“சேரலன்னா உன்ன விக்கிறேன்.”

தலைநகர் அம்மானிலிருந்து கிளம்பினோம். பாலைவனத்தைப் பார்த்த அந்த நீண்ட மலை இறக்கத்தில், பெட்ரோலுக்குக் காசில்லாத காலத்தில் செய்ததுபோலவே எஞ்சினை அணைத்து உருளவிட்டான். காற்று மட்டும் கேட்டது. அடிவாரத்தில் உருளும் வேகம் தீர்ந்து வண்டி தானாக நின்றது.

“ஹோட்டல்காரன்கிட்ட சொல்லிடு, வண்டி வழியில செத்துப்போச்சுன்னு,” என்றான் ஜான்பெக்.

“நல்லாத்தானடா ஓடுது?”

“அதனாலதான்டா சொல்றேன்.”

போன் போட்டு, துக்கக் குரலில் அப்படியே சொன்னேன்.

லாரியில் மிச்சம் நூறு. தரகு போனது நானூறு. அப்படியும் அகபா வரை ஓட்டிப்போய்த் தின்ற மீன் பன்னிரண்டு. ஆக, எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு தினார் நஷ்டம். திரும்பி வரும் பெட்ரோல் செலவு தனி.